கார்ல் லூட்ஸ்: புடாபெஸ்டில் ஒரு துணைக் கன்சல் (விவாத இழை)

நெடுஞ்சாலை எழுதியது:

ஹங்கேரி யூதர்களைக் காப்பாற்றிய தூதரக அதிகாரி என்றாலே எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஸ்வீடனின் ரவுல் வாலன்பெர்க்தான். தப்பில்லை, பெரிய மனிதர். ஆனால் அவர் 1944 ஜூலை 9 அன்று புடாபெஸ்டில் வந்து இறங்கியபோது, அந்த ஊரில் இரண்டரை ஆண்டாக உட்கார்ந்து இதே வேலையைத் தொடங்கி நடத்திக்கொண்டிருந்தவர் ஒருவர் இருந்தார். சுவிட்சர்லாந்தின் துணைக் கன்சல் கார்ல் லூட்ஸ். வாலன்பெர்க் கொடுத்த பாதுகாப்புச் சீட்டுக்கே லூட்ஸ் யூதர்களுக்குக் கொடுத்த பாதுகாப்புக் கடிதம்தான் முன்மாதிரி.

அவருடைய பணி வரலாற்றைப் பார்த்தால் வீரதீரக் கதைக்கு ஏற்ற ஆள் மாதிரியே தெரியாது. 1895இல் அப்பென்செல் மலைப்பகுதியில் வால்ட்சென்ஹவுசன் என்ற சிற்றூரில் பிறந்தார். மெதடிஸ்ட் குடும்பம், வீடு நிறையப் பிள்ளைகள். துணி ஆலையில் தொழில் பழகிவிட்டு 18 வயதில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். இல்லினாயில் கூலி வேலை, மிசூரியில் ஒரு கல்லூரி, 1920இல் வாஷிங்டன் சுவிஸ் தூதரகத்தில் வேலை. வேலை பார்த்துக்கொண்டே ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1924இல் பட்டம். அப்புறம் பிலடெல்பியா, செயின்ட் லூயிஸ் என்று கன்சலேட் மேசைகள். 1935இல் பாலஸ்தீனத்தின் யாஃபா. 1942 ஜனவரியில் புடாபெஸ்ட். அப்போது வயது 46, பதவி இன்னும் துணைக் கன்சல்தான்.

இதில் எனக்கு ஒரு கேள்வி. இவர் விதியை மீறினாரா, விதிக்குள்ளேயே நின்று வேலை செய்தாரா? போருக்குப் பிறகு சுவிஸ் தலைநகர் பெர்ன் அவரிடம் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். இங்கே அரசு வேலை பார்த்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள், உங்கள் கருத்தைக் கேட்க ஆசை.


கோப்புக்கட்டு எழுதியது:

தம்பி, நான் 34 வருடம் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன். இந்த மாதிரி ஆளை எனக்குத் தெரியும் என்று சொல்லத் தோன்றுகிறது. பதவி உயர்வு வராமல் ஓர் இருக்கையிலேயே கிடப்பவனுக்கு அந்த இருக்கையின் அதிகாரம் எதுவரை நீளும் என்பது மேலதிகாரியைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

முதலில் அவருடைய இருக்கை என்ன என்று பார்க்க வேண்டும். அவர் சுவிஸ் நாட்டவருக்கான வேலையை மட்டும் பார்க்கவில்லை. 'அந்நிய நலன்கள் பிரிவு' என்று ஒன்று, அதன் தலைவர். இரண்டு நாடுகளுக்குள் போர் மூண்டால் இருபக்கத் தூதரகங்களும் மூடப்படும். ஆனால் அங்கே மாட்டிக்கொண்ட குடிமக்கள், கட்டிடங்கள், கைதிகள், சொத்து, பத்திரம் எல்லாம் அப்படியே கிடக்கும். அதைப் பார்த்துக்கொள்ள நடுநிலை நாடு ஒன்றிடம் ஒப்படைப்பார்கள். பாதுகாப்பு அரசு என்பார்கள். 1941 டிசம்பரில் ஹங்கேரி பிரிட்டனுடனும் அமெரிக்காவுடனும் போர்நிலைக்குப் போனதும் அந்த வேலை சுவிஸ் தலையில் விழுந்தது. லூட்ஸ் மேசையில் மொத்தம் 14 நாடுகளின் நலன்கள் இருந்தன.

நம் வாசகர்களுக்குத் தெரிந்த உதாரணம்: 1971 போரில் இந்தியாவும் பாகிஸ்தானும் உறவை முறித்தபோது இரு பக்கமும் இந்த வேலையைப் பார்த்தது சுவிட்சர்லாந்துதான்.

இப்போது முக்கியமான இடம். பாலஸ்தீனம் அப்போது பிரிட்டன் ஆட்சியில். பாலஸ்தீனத்துக்குக் குடியேற அனுமதிச் சான்று கொடுப்பது பிரிட்டன். ஹங்கேரியில் பிரிட்டனின் வேலையைப் பார்ப்பது லூட்ஸ். ஆக, குடியேற்றச் சான்று வைத்திருக்கும் யூதர் ஒருவர் லூட்ஸின் கோப்புக்குள் வந்துவிடுகிறார். இந்தச் சங்கிலியை அவர் புதிதாகக் கட்டவில்லை, மேசை மேலேயே கிடந்தது. அது எவ்வளவு எடை தாங்கும் என்று இழுத்துப் பார்த்தவர் அவர்.


பனிச்சாரல் எழுதியது:

சார் சொன்னதோடு யாஃபாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் வேலைதான் புடாபெஸ்டில் கைகொடுத்தது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் பாலஸ்தீனத்தில் இருந்த ஜெர்மானியர்கள் பிரிட்டனுக்கு எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். அவர்களுடைய நலனைக் கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டது சுவிஸ் கன்சலேட், அதாவது லூட்ஸ். சிறைவைக்கப்பட்ட ஜெர்மானியருக்காக பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் அலைந்திருக்கிறார்.

ஐந்து வருடம் கழித்து, ஹங்கேரிக்கு ஹிட்லர் அனுப்பிய முழு அதிகாரப் பிரதிநிதி எட்முண்ட் ஃபேசன்மாயர் முன்னால் போய் உட்காரும்போது, 'எங்கள் ஆட்களுக்கு உதவியவர்' என்ற பெயர் இவருக்கு இருந்தது. வேறு ஒரு துணைக் கன்சலுக்கு அந்த அலுவலகக் கதவு அவ்வளவு எளிதாகத் திறந்திருக்காது.


மெய்யழகி எழுதியது:

சரி, ஆனால் லூட்ஸ் 8,000 பேருக்கு அனுமதி வாங்கி அதை நீட்டிய கதையை யாராவது தெளிவாகச் சொல்லுங்களேன். எல்லாக் கட்டுரையும் 'தந்திரமாக' என்று ஒரே சொல்லில் தாண்டிவிடுகிறது.


நெடுஞ்சாலை எழுதியது:

வரிசையாகச் சொல்கிறேன் மெய்யழகி.

1944 மார்ச் 19: ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைகிறது. யூதர்களை முகாம்களுக்கு அனுப்பும் பொறுப்பிலிருந்த நாஜி அதிகாரி ஐக்மன் தன் ஆட்களோடு கூடவே வருகிறான். அதுவரை லூட்ஸும், யூதர்களின் குடியேற்றத்தைக் கவனித்த பாலஸ்தீன அலுவலகத்தின் பொறுப்பாளர் மிக்லோஷ் க்ராவுஸும் சேர்ந்து சிறுவர்களையும் இளைஞர்களையும் பாலஸ்தீனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அன்றோடு அது நின்றது.

மே 15 முதல் ஜூலை 9 வரை, எட்டு வாரத்துக்குள், தலைநகருக்கு வெளியே இருந்த யூதர்களில் சுமார் 4,37,000 பேரை 147 ரயில்களில் ஏற்றிவிட்டார்கள். பெரும்பாலும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு. புடாபெஸ்ட் மட்டும் மிச்சம்.

லூட்ஸ் க்ராவுஸைத் தன் அலுவலகத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். அந்த அலுவலகம் இருந்தது சுதந்திரச் சதுக்கத்தில், காலியாகிப்போன அமெரிக்கத் தூதரகக் கட்டிடத்தில். பின்பு ஹங்கேரி அரசிடமும் ஜெர்மானியரிடமும் ஒரே கோரிக்கையைத் திரும்பத் திரும்பப் போட்டார்: 'பிரிட்டன் ஏற்கனவே ஒதுக்கிய சான்றுகள் கையில் இருக்கின்றன. அந்த ஆட்கள் போக வேண்டியவர்கள், விடுங்கள்.' விஷயம் பெர்லின் வரை போய், சுமார் 8,000 பேருக்கு (சில ஏடுகளில் 7,800) கொள்கையளவில் சரி என்றார்கள். இரக்கப்பட்டு அல்ல. இதை விட்டுக்கொடுத்தால் மீதிப் பேரை ஹங்கேரி மறுபடி ரயில் ஏற்றும் என்பது ஹிட்லரின் கணக்கு.

இங்கேதான் லூட்ஸ் அந்த எண்ணைத் தலைக்கணக்காக எடுக்காமல் குடும்பக் கணக்காக எடுத்தார். அத்தோடு, 8,000ஐத் தொட்டதும் மறுபடி ஒன்றிலிருந்து. கடிதங்களில் எப்போதும் 1 முதல் 8,000க்குள் ஓர் எண்தான் இருக்கும். தெருவில் நிறுத்திச் சோதிக்கிறவன் கையில் ஒரு நேரத்தில் ஒரு கடிதம்தானே இருக்கும்? எண் வரம்புக்குள் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, போ என்பான்.


கோப்புக்கட்டு எழுதியது:

குடும்ப அட்டை மாதிரி. எட்டாயிரம் அட்டை என்றால் எட்டாயிரம் வயிறு என்று எந்த வட்ட வழங்கல் அலுவலரும் சொல்ல மாட்டார். அனுமதி உத்தரவை எழுதியவன் எதை எண்ணுகிறோம் என்று தெளிவாக எழுதாமல் விட்டால், அது கீழே இருப்பவனுக்குக் கிடைத்த இடம். நல்லவன் கையில் கிடைத்தால் நல்லது, கெட்டவன் கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்று நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.


ஆதாரம் எங்கே எழுதியது:

ஒரு நிமிடம். கதை ரொம்ப அழகாகப் போகிறது, அதனால்தான் கேட்கிறேன். லூட்ஸ் 62,000 பேரைக் காப்பாற்றினார் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. அந்தக் கணக்கு எப்படி வந்தது? 1945 ஜனவரியில் டான்யூபின் கிழக்குக் கரையான பெஸ்ட் பக்கம் சோவியத் செம்படை வந்தபோது, யூதர்களை அடைத்து வைத்த பெரிய கெட்டோவில் மட்டும் 70,000 பேர் அளவில் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் பிழைத்ததற்கு ஒரு காரணமா? ஜூலையில் ஹங்கேரியின் ஆட்சித் தலைவர் ஹோர்த்தி ரயிலை நிறுத்தியது, செஞ்சிலுவைச் சங்கத்தின் ஃப்ரீட்ரிஹ் போர்ன், வாத்திகன் தூதர் ஆஞ்செலோ ரோட்டா, ஸ்வீடன்காரர்கள், ஸ்பெயின் பெயரைச் சொல்லி வேலை பார்த்த இத்தாலியர் பெர்லாஸ்கா, எல்லாவற்றுக்கும் மேலாகச் செம்படை நெருங்கிய வேகம். ஒரே ஆள் கையில் இரண்டு நாட்டுக் கடிதம் இருந்ததும் உண்டு. இத்தனையையும் பிரித்து ஒருவர் கணக்கில் 62,000 என்று எழுதுவது எனக்கு ஒத்துவரவில்லை.

லூட்ஸைக் குறைக்கவில்லை. எண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.


பனிச்சாரல் எழுதியது:

நியாயமான கேள்வி. நான் அந்த எண்ணை 'சுவிஸ் ஏற்பாடு முழுவதாலும் ஏதோ ஒரு வகையில் பயனடைந்தவர்கள்' என்றுதான் எடுத்துக்கொள்வேன். அதற்குமேல் அழுத்த மாட்டேன்.

கண்ணால் காணக்கூடிய கணக்கு வேறு இருக்கிறது. சுவிஸ் கொடியின் கீழ் 76 வீடுகள், பெரும்பாலும் டான்யூபை ஒட்டிய பகுதியில். கண்ணாடி வீட்டில் மட்டும் கடைசி நாட்களில் சுமார் 3,000 பேர். அப்புறம் கடிதங்கள், பல்லாயிரம்.


மெய்யழகி எழுதியது:

கண்ணாடி வீடு பற்றிக் கொஞ்சம்?


வழிப்போக்கன் எழுதியது:

நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் இதை நான் சொல்கிறேன். வாடாஸ் தெரு, 29ஆம் எண். நாடாளுமன்றத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆர்துர் வெய்ஸ் என்ற கண்ணாடி வியாபாரியின் விற்பனைக்கூடம் அது. லாயோஷ் கோஸ்மா என்ற பேர்போன கட்டிடக் கலைஞர் 1930களில் வடிவமைத்தது. வெய்ஸ் தன் சரக்கின் வகைகளையெல்லாம் கட்டிடத்திலேயே காட்டுகிற மாதிரி முகப்பு, சுவர், தடுப்பு எங்கும் கண்ணாடி. யோசித்துப் பாருங்கள், ஒளிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமில்லாத இடம் ஊரிலேயே இருந்திருக்காது.

ஆனால் அங்கே யாரும் ஒளியவில்லை என்பதுதான் விஷயம். 1944 ஜூலை 24 அன்று வாசலில் பலகையே மாட்டினார்கள்: சுவிஸ் தூதரகம், அந்நிய நலன்கள் பிரிவு, குடியேற்றத் துறை. பட்டப்பகலில் அலுவலகம். சுதந்திரச் சதுக்கத்தில் கூட்டம் தாங்காமல்தான் இங்கே மாற்றினார்கள். வாசலில் வரிசையில் நிற்கும் கூட்டத்தை எடுத்த பழைய படம் ஒன்று உண்டு. தொப்பி, கோட்டு, கைப்பை என்று தெரு நிறைய ஆட்கள், ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்க்கிறார்கள்.

இன்று உள்ளே ஒரு சின்ன நினைவு அறை. பெரிய அருங்காட்சியகம் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும், சொல்லிவிட்டேன். எனக்கு அங்கே பிடித்தது கடிதத்தின் நகல்தான். அதில் வீர வசனம் ஒன்றும் இல்லை. இன்னார் பெயர் குடியேற்றத்துக்கான சுவிஸ் கூட்டுக் கடவுச்சீட்டில் பதிவாகியிருக்கிறது, எனவே அவரைச் செல்லத்தக்க கடவுச்சீட்டு வைத்திருப்பவராகக் கருத வேண்டும், அவ்வளவுதான். கீழே முத்திரை. புடாபெஸ்ட், 1944 அக்டோபர் 23 என்று தேதி. ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சி ஆட்சியைப் பிடித்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது.


கோப்புக்கட்டு எழுதியது:

இந்த வாசகத்தைக் கவனியுங்கள். 'கருத வேண்டும்.' அடடா. இவர் சுவிஸ் குடிமகன் என்று சொல்லவில்லை, சொன்னால் பொய். கடவுச்சீட்டு கொடுத்தோம் என்றும் சொல்லவில்லை. வேறு எங்கோ ஓர் அலமாரியில் ஒரு பெரிய ஏடு இருக்கிறது, அதில் இவர் பெயர் இருக்கிறது, ஆகவே நீ இவரை இப்படிக் கருது. சோதனை போடும் சிப்பாய் அந்த ஏட்டைப் பார்க்கப் போவதே இல்லை. இப்படி வாசகம் எழுத ஒரு தனிக் கை வேண்டும்.


ஆதாரம் எங்கே எழுதியது:

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்த 8,000 பேரில் யாரும் அந்த ஏற்பாட்டின்படி பாலஸ்தீனம் போய்ச் சேரவில்லை. ஜெர்மானியர் வெளியேறும் அனுமதியைத் தரவே இல்லை, ரயில் கிளம்பவே இல்லை. ஊரைவிட்டுப் போவதற்கான காகிதம், ஊரிலேயே இருப்பதற்குப் பயன்பட்டது.


நெடுஞ்சாலை எழுதியது:

ஆமாம். 'இவர்கள் கிளம்பக் காத்திருப்பவர்கள், கிளம்பும் வரை எங்கள் பொறுப்பு' என்பதுதான் முழு ஏற்பாடும். கிளம்பாதவரை காத்திருக்கலாம்.

அக்டோபர் 15க்குப் பிறகு நிலைமை அடியோடு மாறியது. அம்புச் சிலுவைத் தலைவன் சாலசியின் ஆட்கள் தெருவில் துப்பாக்கியோடு. அவர்களுக்கு விதியும் தெரியாது, வாசகமும் தெரியாது. ஆனால் ஒரு பலவீனம் இருந்தது. சாலசி அரசை நடுநிலை நாடுகள் அங்கீகரிக்க வேண்டும் என்று அவனுடைய வெளியுறவு அமைச்சர் காபோர் கெமேனிக்குக் கொள்ளை ஆசை. சுவிட்சர்லாந்து அங்கீகரிக்கவில்லை, அங்கீகரிக்கும் எண்ணமும் இல்லை. இல்லை என்று பட்டென்று சொல்லாமல் இழுத்தடித்ததில்தான் கடிதங்களுக்கு உயிர் கிடைத்தது. நவம்பரில் அந்த அரசு சுவிஸ் கணக்கில் 7,800 பேரையும் ஸ்வீடன் கணக்கில் 4,500 பேரையும் ஒப்புக்கொண்டது.


மெய்யழகி எழுதியது:

இவ்வளவு நேரம் எல்லோரும் லூட்ஸ் லூட்ஸ் என்கிறீர்கள். அவர் மனைவி கெர்ட்ரூட் எங்கே போனார்? யாஃபாவிலும் புடாபெஸ்டிலும் கூடவே இருந்தவர். பாதுகாப்பில் இருந்தவர்களுக்கு உணவும் மருந்தும் ஏற்பாடு செய்ததில் அவர் பங்கு பெரியது. ஒபுடா செங்கல் சூளையில் கணவரோடு நின்றவரும் அவர்தான். அதைப் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை, ஆண்கள் எல்லாம் முத்திரையை ரசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.


பனிச்சாரல் எழுதியது:

அக்கா சொல்வது சரி. செங்கல் சூளையைப் பேசாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது, இதில் கஷ்டமான இடமே அதுதான்.

நவம்பரில் யூதர்களை ஆஸ்திரிய எல்லையில் இருக்கும் ஹெக்யெஷாலோம் வரைக்கும் நடத்தியே கூட்டிப்போனார்கள். குளிர், மழை, சாப்பாடு இல்லை, விழுந்தவரைச் சுட்டார்கள். கிளம்புவதற்கு முன் ஆட்களை அடைத்த இடம் ஒபுடா செங்கல் சூளை. அதற்குள் சீயோனிய இளைஞர் இயக்கத்தினர் லூட்ஸ் கடிதத்தைப் பார்த்துப் பார்த்து ஆயிரக்கணக்கில் போலிகள் அச்சடித்துவிட்டிருந்தார்கள். கண்ணாடி வீட்டையே தளமாக வைத்து வேலை பார்த்தவர்கள் அவர்கள். லூட்ஸுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அம்புச் சிலுவைக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: நீயே வந்து எது உன் கடிதம், எது போலி என்று பிரித்துக் கொடு. செய்யாவிட்டால் எந்தக் கடிதமும் செல்லாது. அவரும் கெர்ட்ரூடும் பனியில் நான்கு மணி நேரம் நின்று அதைச் செய்தார்கள். எதிரே வரிசையில் ஆட்கள், கையில் காகிதம். இவர் இந்தப் பக்கம் கை காட்டினால் ஊருக்குத் திரும்பலாம், அந்தப் பக்கம் காட்டினால் எல்லைக்கு நடக்க வேண்டும். கடைசி நம்பிக்கையாக இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற கண்களைப் பற்றி லூட்ஸ் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இதைச் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், என்னால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.


கோப்புக்கட்டு எழுதியது:

சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். ஆனால் அலுவலக அறிவாக ஒன்று சொல்லலாம். முத்திரைக்கு மதிப்பு இருக்கும்வரைதான் அதைத் தாராளமாகப் போட முடியும். எல்லாமே செல்லும் என்று அன்று அவர் சொல்லியிருந்தால், மறுநாள் காலை 76 வீட்டின் கதவும் உடைந்திருக்கும். அதுவரை சட்டத்தை நீட்டி நீட்டி வந்தவருக்கு, அன்றைக்கு அந்தச் சட்டமே தன் கூலியைக் கேட்டது.


தேங்காய்நார் எழுதியது:

ரொம்ப உருக்கமாகப் போகிறது, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சுவிட்சர்லாந்தைப் பெரிய தர்மப்பிரபுவாக ஆக்கிவிடாதீர்கள். 1938இல் ஜெர்மன் யூதர்களின் கடவுச்சீட்டில் சிவப்பு 'ஜே' முத்திரை வந்தது சுவிஸ்காரர்களோடு நடந்த பேச்சுவார்த்தையின் விளைவு. 1942 ஆகஸ்டில் எல்லையை இழுத்து மூடினார்கள். அமைச்சர் எட்வார்ட் ஃபான் ஷ்டைகர் நாட்டை ஏற்கனவே ஆள் நிரம்பிய மீட்புப் படகு என்று பேசினார். தன் வாசலுக்கு வந்தவனை விரட்டிய அரசின் முத்திரையைத்தான் லூட்ஸ் புடாபெஸ்டில் தாராளமாகப் போட்டுக்கொடுத்தார்.


நெடுஞ்சாலை எழுதியது:

இதை மறுக்க ஆள் இல்லை தோழர். லூட்ஸ் பிறந்த மேட்டிலிருந்து கீழே பார்த்தால் ரைன் எல்லை. அதே எல்லையில்தான் சங்க்ட் காலன் மாநிலக் காவல் தலைவர் பவுல் க்ரூனிங்கர் 1938இல் அகதிகளின் நுழைவுத் தேதியைப் பின்தேதியிட்டு எழுதி உள்ளே விட்டார். 1939இல் வேலையை விட்டுத் துரத்தினார்கள், வழக்கு, தண்டனை, ஓய்வூதியம் இல்லை. 1972இல் வறுமையில் செத்தார். நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது 1995இல்.

லூட்ஸுக்கு அந்த கதி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.


ஆதாரம் எங்கே எழுதியது:

அதைத்தான் கேட்க வந்தேன். 'தண்டிக்கப்பட்டார்' என்று பல இடத்தில் எழுதுகிறார்கள். வேலை போகவில்லையே?


பனிச்சாரல் எழுதியது:

போகவில்லை. முற்றுகை முடியும் வரை அவர் இருந்தது ஆற்றின் மேற்குக் கரையான பூடா பக்கம், முன்னாள் பிரிட்டிஷ் தூதரகக் கட்டிடத்தின் நிலவறையில், சில டஜன் பேரோடு. மேலே குண்டு விழுந்து மாளிகை நொறுங்கியது. புகைப்படம் எடுப்பதில் பைத்தியம் அவருக்கு. இடிந்துபோன தன் அறையில், கூரை இல்லாமல் கம்பிகள் தொங்க, நடுவில் கோட்டு சூட்டோடு தானே நிற்கும் படம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறார்.

1945இல் ஊர் திரும்பினால் வரவேற்பும் இல்லை, நன்றியும் இல்லை. புடாபெஸ்ட் தூதரகத்தில் என்ன நடந்தது என்று விசாரணை வைத்தார்கள். அதிகார வரம்பைத் தாண்டினார் என்று கண்டிப்பு. அப்புறம் வேலையைத் தொடர்ந்தார், கடைசியாக ஆஸ்திரியாவின் பிரெகென்ஸில் கன்சல், 1961இல் ஓய்வு. பிரெகென்ஸ் எங்கே இருக்கிறது தெரியுமா? பிறந்த ஊரிலிருந்து ரைனைத் தாண்டினால் கூப்பிடு தூரம். 14 நாடுகளின் வேலையை ஒரே மேசையில் பார்த்தவருக்குக் கிடைத்த கடைசிப் பதவி அது.


கோப்புக்கட்டு எழுதியது:

இதுதான் எனக்குப் புரிகிற தண்டனை. வேலையை விட்டு எடுத்தால் ஊரே பேசும். கோப்பில் ஒரு வரி எழுதி, ஒதுக்குப்புறமான இடத்தில் போட்டுவிட்டால் யாரும் பேச மாட்டார்கள். உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மனிதன் மிச்ச ஆயுளை, நான் செய்தது சரிதான் என்று கடிதம் எழுதியே கழிப்பான்.

முதல் கேள்விக்கு வருகிறேன் தம்பி. மீறினாரா இல்லையா என்றால், என் பார்வையில் அவர் உத்தரவின் எழுத்தை மீறவில்லை, மேலிருப்பவர்களின் விருப்பத்தை மீறினார். பெர்னுக்குக் கோபம் அதில்தான். எழுத்தை மீறியிருந்தால் க்ரூனிங்கரைப் போல வழக்குப் போட்டிருப்பார்கள். இதற்கு வழக்குப் போட வழியில்லை, அதனால் கண்டிப்போடு நிறுத்திக்கொண்டார்கள்.


ஆதாரம் எங்கே எழுதியது:

8,000க்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்து எண் போட்டது எழுத்தை மீறாததா சார்? குடும்பக் கணக்கு வரை உங்கள் வாதம் நிற்கும். ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்தால் அது எந்த அலுவலகத்திலும் மோசடிதான். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. செய்ய வேண்டிய மோசடியைச் செய்தார் என்றே சொல்லிவிடலாமே, ஏன் அவரை நல்ல குமாஸ்தாவாக்கப் பார்க்கிறீர்கள்?


கோப்புக்கட்டு எழுதியது:

ஹா, பிடித்துவிட்டீர்கள். பதில் இல்லை.


மெய்யழகி எழுதியது:

கெர்ட்ரூட் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். 1946இல் மணமுறிவு. லூட்ஸ் 1949இல் மறுமணம் செய்தது மாக்டாவை. நிலவறையில் தங்கியிருந்தவர்களில் ஒருவர், அவருடைய சிறு பெண்தான் அக்னெஸ். பின்னாளில் மாற்றாந்தந்தையின் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் இந்த அக்னெஸ் ஹிர்ஷி. கெர்ட்ரூட் யுனிசெஃப் வேலைக்குப் போய், பிரேசில் உள்படப் பல இடங்களில் குழந்தைகளுக்காக உழைத்தார். இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவகமான யாத் வஷேம் லூட்ஸுக்கு 'நாடுகளிடையே நீதிமான்' என்ற பட்டத்தை 1964இல் கொடுத்தது, சுவிஸ்காரர்களில் அவர்தான் முதல். கெர்ட்ரூடுக்கு 1978இல். அதே சூளையில் அதே நான்கு மணி நேரம் நின்றவருக்கு 14 ஆண்டு கூடுதல் காத்திருப்பு.


தேங்காய்நார் எழுதியது:

க்ராவுஸையும் வெய்ஸையும் அப்படியே விட்டுவிட்டீர்களே. காப்பாற்றப்பட்டவர்கள் என்று ஒரு கூட்டமாகவே யூதர்களைப் பேசுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

ஆஷ்விட்ஸிலிருந்து தப்பிய இருவர் கொடுத்த அறிக்கையின் சுருக்கத்தை 1944 ஜூன் 19 அன்று ருமேனியத் தூதரக அதிகாரி மனோலியு கையில் கொடுத்து அனுப்பியவர் க்ராவுஸ். அது ஜெனீவாவில் ஜார்ஜ் மான்டெல்லோவிடம் போய், சுவிஸ் பத்திரிகைகளில் வெடித்தது. ஜூலை முதல் வாரத்தில் ஹோர்த்தி ரயிலை நிறுத்தியதற்குப் பின்னால் இருந்த உலக நெருக்கடியில் இதற்குப் பங்கு உண்டு. ஆனால் க்ராவுஸுக்கும், ஐக்மனோடு பேரம் பேசிய புடாபெஸ்ட் சீயோனியத் தலைவர் கஸ்ட்னருக்கும் ஆகவே ஆகாது. 1954இல் ஜெருசலேமில் கஸ்ட்னர் வழக்கு நடந்தபோது க்ராவுஸ் எதிர்ச்சாட்சி சொன்னார். சண்டைக்காரர், யாரோடும் ஒத்துப்போகாதவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்டவருக்குச் சிலை வைக்க யாரும் முன்வருவதில்லை.

வெய்ஸ் கதை இன்னும் கொடுமை. 1944 டிசம்பர் 31 அன்று அம்புச் சிலுவைக் கூட்டம் கண்ணாடி வீட்டுக்குள் புகுந்து சுட்டது, மூன்று பேர் செத்தார்கள். மறுநாள் பேச்சுவார்த்தை என்று சொல்லி ஆர்துர் வெய்ஸை வெளியே வரவழைத்தார்கள். போனவர் திரும்பவில்லை. செம்படை பெஸ்டுக்குள் வர இரண்டரை வாரம்தான் இருந்தது.


வழிப்போக்கன் எழுதியது:

சிலை என்றதும் ஞாபகம் வந்தது. புடாபெஸ்ட் போகிறவர்கள் டோப் தெருவில் கெட்டோ வாசல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் லூட்ஸ் நினைவுச்சின்னத்தைப் பார்க்கலாம், 1991இல் வைத்தது. சுவரிலிருந்து பொன்னிற உருவம் ஒன்று கிடைமட்டமாக நீட்டிக்கொண்டு, கீழே தரையில் கிடப்பவருக்குத் துணியை நீட்டுகிறது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தேவதை மாதிரி வானத்திலிருந்து இறங்குகிறார், மேசையையும் முத்திரையையும் காணோம். டான்யூப் கரையில் ஒரு பகுதிக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெர்னில் நாடாளுமன்ற மாளிகை வளாகத்தில் ஓர் அறைக்கு அவர் பெயர் வைத்தது 2018இல்.


ஆதாரம் எங்கே எழுதியது:

ஹரால்ட் ஃபெல்லர் பெயரும் இங்கே வர வேண்டும். 1944 கடைசியில் தூதர் மாக்சிமிலியன் யேகர் நாடு திரும்பிய பிறகு சுவிஸ் தூதரகத்தைப் பொறுப்பேற்று நடத்திய இளைஞர். தன் வீட்டிலேயே ஆட்களை ஒளித்து வைத்தவர். 1945 பிப்ரவரியில் சோவியத்காரர்கள் அவரைப் பிடித்து மாஸ்கோ கொண்டுபோய் ஒரு வருடம் போல வைத்திருந்துவிட்டு 1946இல் விட்டார்கள். வாலன்பெர்க்குக்கு நடந்ததன் இன்னொரு பிரதி, இவர் திரும்பி வந்தார் என்பது மட்டும் வேறு.


நெடுஞ்சாலை எழுதியது:

ஃபெல்லருக்குத் தனி இழை தொடங்குகிறேன், இங்கே போட்டால் அவரும் லூட்ஸுக்கு அடிக்குறிப்பு ஆகிவிடுவார். கோப்புக்கட்டு சார், அங்கேயும் வாருங்கள். தலைவர் இல்லாத தூதரகத்தில் பொறுப்பு அதிகாரிக்குக் கையெழுத்து அதிகாரம் எதுவரை என்று உங்களிடம்தான் கேட்க வேண்டும்.